சத்தம் வருது, ஸ்தாயி ஏறலையே!

கேள்வி: கிதாருக்கு அனலாக் ஆக்டேவ் பெடல் (வாசிக்கும் ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கவைக்கும் பெட்டி) ஒன்றை நானே சால்டர் வைத்துச் செய்தேன். கரகரப்புதான் வருகிறது, மேல் ஸ்தாயி கேட்கவே இல்லை. எங்கே தப்பு?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பெடலை உடனே திறக்காதீர்கள். கிதாரில் கழுத்துப் பக்க பிக்கப்புக்கு (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) மாறி, டோன் குமிழை நன்றாகக் குறைத்து, 12-வது ஃப்ரெட்டுக்கு மேலே ஒற்றைத் தந்தியை மீட்டுங்கள். கார்டு (chord), அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து, வாசித்தால் குழம்பத்தான் செய்யும். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1967-ல் பயன்படுத்திய, ரோஜர் மேயர் உருவாக்கிய ஆக்டேவியா பெடலும் இதே ஜாதிதான்.

அப்படியும் வரவில்லையா? என் சந்தேகம் டையோடுகள் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகங்கள்) மேல். பெடலில் உள்ள டிரான்சிஸ்டரின் கலெக்டர், எமிட்டர் என்ற இரு கால்களிலும் ஒரே அலை நேரெதிராக வெளிவருகிறது. இரண்டு டையோடுகளும் ஆளுக்கொரு பாதியைக் கொடுக்க, அலையின் கீழ்ப்பாதி மேலே புரண்டுவிடும். ஒரு சுற்றுக்கு இரண்டு மேடு. 330 ஹெர்ட்ஸ் 660 ஆகிறது, அதாவது ஒரு ஸ்தாயி மேலே. மேடுகள் சம உயரமாக இல்லாவிட்டால் பழைய ஸ்வரமே தலைதூக்கும். அதனால் கலெக்டரிலும் எமிட்டரிலும் உள்ள ரெசிஸ்டர்கள் ஒரே மதிப்பா என்றும் பாருங்கள்.

நானும் ஏமாந்தவன்தான். இந்த வேலைக்காக ஜெர்மானிய டையோடு என்று சொல்லி வாங்கிவந்த பத்தில் ஏழு, மல்டிமீட்டரில் 0.6 வோல்ட் காட்டின. சுத்த சிலிக்கான்! ஜெர்மானியம் என்றால் 0.3-ஐ ஒட்டி நிற்க வேண்டும். அளவு ஒத்த ஜோடியாகப் பொறுக்குங்கள். (விரலால் பிடித்தபடி அளக்காதீர்கள், உடம்புச் சூட்டுக்கே அளவு இறங்கும்.) சால்டர் வைக்கும்போது டையோடின் காலை மூக்கு பிளையரால் பிடித்துக்கொள்ளுங்கள், ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது.