டின் நிறையப் பருப்பு, கையில் காசில்லை

கேள்வி: மலேசியாவில், பினாங்கின் பிறையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. கைக்கு 3,900 வெள்ளி வருகிறது. நான் வீட்டிலேயே துணி தைத்து 1,300 வரை சம்பாதிக்கிறேன். சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும் மாதம் 1,450 வெள்ளி ஆகிறது. எங்கே மலிவு விற்பனை போட்டாலும் போய் வாங்கி வைத்துவிடுவேன். அலமாரி நிரம்பி வழிகிறது. ஆனாலும் 20ஆம் தேதிக்கு மேல் கிரெடிட் கார்டைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. கார்டில் 2,300 வெள்ளி நிலுவை, வட்டி 18 விழுக்காடு. கோழி, மீன் மலிவாக வரும்போது வாங்கி வைக்க ஒரு சின்ன ப்ரீசர் பார்த்திருக்கிறேன். மாதம் 89 வெள்ளி, 12 மாதத் தவணை. வாங்கலாமா? பருப்பு, அரிசியெல்லாம் இன்னும் பெரிய மூட்டையாக வாங்கினால் மிச்சமாகுமா? அரிசி கிடைக்காமல் அலைந்த நாளிலிருந்து வீட்டில் இருப்பு இல்லாவிட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, மூன்று மாத ரசீதுகளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். மேசையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எந்தச் சாமானையும் நீங்கள் அதிக விலைக்கு வாங்கவில்லை. விலை பார்த்து வாங்கத் தெரிந்த கை உங்களுடையது. பணம் வேறு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

துவரம் பருப்பையே எடுத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் 9 கிலோ வாங்கியிருக்கிறீர்கள்: 5 கிலோ பை ஒன்று, ஒரு கிலோ பாக்கெட் நான்கு. வீட்டில் மாதம் ஒன்றேகால் கிலோதான் ஆகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஐந்து கிலோவுக்கு மேல் பருப்பு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. 40 வெள்ளிக்கு மேல், ஒரே ஒரு சாமானில். கடுகு, உளுந்து, மைலோ, பிஸ்கட், மீன் டின், சோப்புத்தூள் என்று வரிசையாகப் பார்த்தால் 20ஆம் தேதி பணம் எங்கே போயிற்று என்பது தெரிந்துவிடும். அதை வாங்கியபோது கார்டும் தேய்த்திருக்கிறீர்கள். 2,300 வெள்ளிக்கு 18 விழுக்காடு என்றால் மாத வட்டி மட்டும் 34 வெள்ளி 50 காசு. உங்கள் ரசீது விலையில் அது நான்கு கிலோ துவரம் பருப்பு. ஒவ்வொரு மாதமும் நான்கு கிலோ பருப்பை யாருக்கோ அளந்து கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை.

முதலில் ப்ரீசர். வேண்டாம். மாதம் 89 வீதம் 12 மாதத்துக்கு 1,068 வெள்ளி. மின் கட்டணம் தனி. உங்கள் வீட்டில் வாரம் 2 கிலோ கோழி, மாதம் 8 கிலோ. மலிவு நாளில் கிலோவுக்கு ஒன்றரை வெள்ளி குறைந்தாலும் மாதம் 12 வெள்ளி மிச்சம். மீனில் ஒரு 10 வெள்ளி வைத்துக்கொள்வோம். ஆக 22 வெள்ளி. மின் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்காமலே, போட்ட பணம் திரும்பி வர நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். இப்போதுள்ள ப்ரிட்ஜின் உறைபெட்டியைக் காலி செய்தால் இரண்டு வாரக் கோழிக்கு இடம் கிடைக்கும். அங்கே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். போன தீபாவளிக்கு வாங்கிய ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும்.

மொத்தமாக வாங்குவது லாபமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. உங்கள் ரசீதில் ஒரு கிலோ பாக்கெட் 8 வெள்ளி 50 காசு. 5 கிலோ பை 39 வெள்ளி, அதாவது கிலோ 7 வெள்ளி 80 காசு. பை ஒன்றுக்கு மூன்றரை வெள்ளி மிச்சம். கையில் ரொக்கம் இருந்து வாங்கி, நாலு மாதத்தில் சாப்பிட்டும் தீர்த்துவிட்டால் அது நல்ல லாபம். வங்கியில் நிரந்தர வைப்பில் போட்டுக் காத்திருந்தாலும் அத்தனை விழுக்காடு வராது. இதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பையில் அரைக் கிலோவுக்கு வண்டு வந்து கொட்டினாலே மூன்று வெள்ளி 90 காசு போய்விடுகிறது. மிச்சம் பிடித்ததைவிட நஷ்டம் பெரிது. கார்டில் வாங்கி நிலுவை வைத்தால் வண்டுக்குக்கூட வேலையில்லை, வட்டியே தின்றுவிடும். அதனால் ரொக்கம் இருந்து, கெடுவதற்குள் தீரும் என்றால் பெரிய பை வாங்குங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் சின்னப் பாக்கெட்டே போதும்.

தூரத்துக் கடைக்கும் இதே கணக்குத்தான். பினாங்குத் தீவுக்குப் போய் லிட்டில் இந்தியாவில் வாங்கினால் மசாலா சாமான் மலிவு என்று எழுதியிருக்கிறீர்கள். மலிவுதான், சரக்கும் புதிதாக இருக்கும். ஆனால் காரில் முதல் பாலம் ஏறினால் டோல் 5 வெள்ளி 74 காசு. அதோடு பெட்ரோல், பார்க்கிங், பிள்ளைகளுக்கு வெளிச்சாப்பாடு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பட்டியலோடு, வேறு வேலையும் சேர்த்துப் போனால் சரி. 300 கிராம் சீரகத்துக்காகப் பாலம் ஏற வேண்டாம்.

இப்போது அலமாரிக்கு வருகிறேன். இந்தக் கேள்வியில் நான் அதிகம் சொல்ல விரும்புவது அதைப் பற்றித்தான்.

என் அம்மாவின் சமையல்கட்டில் பழைய மைலோ டின்னும் பிஸ்கட் டின்னும் வரிசையாக இருக்கும். புதுப் பருப்பு வந்தால் அம்மா நேராக டின்னில் கொட்ட மாட்டார். முதலில் ஒரு தட்டை எடுத்து, டின்னில் மிச்சம் கிடக்கும் பழைய பருப்பை அதில் கவிழ்ப்பார். டின்னைக் காய்ந்த துணியால் துடைத்து, மூலையில் ஒட்டியிருக்கும் தூளைத் தட்டிவிட்டுப் புதியதை அடியில் கொட்டி, பழையதை மேலே போடுவார். இரண்டு நிமிட வேலை. நம்மில் பலர் பாக்கெட்டை வெட்டி மேலேயே கொட்டிவிடுகிறோம். அடியில் கிடக்கும் பருப்புக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. ஒருநாள் மூடியைத் திறந்தால் மேலிருப்பது, கீழிருப்பது எல்லாவற்றிலும் வண்டு. ஆலோசனை கேட்டு வந்த ஒரு குடும்பத்தின் அலமாரியை நானே நின்று இறக்கிப் பார்த்திருக்கிறேன். உளுந்து டின்னின் அடிப்பகுதி மாவாகிப் போயிருந்தது. அந்த டின்னுக்குப் பக்கத்திலேயே பிரிக்காத உளுந்துப் பாக்கெட் மூன்று.

நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கிறது. அரிசியிலும் பருப்பிலும் வரும் வண்டின் முட்டை பெரும்பாலும் கடையிலிருந்தே மூட்டையோடு வந்துவிடுகிறது; சூடும் ஈரமும் அதைப் பொரிய வைக்கின்றன. ஆகவே ரவை, கோதுமை மாவு வாங்கி வந்ததும் பாக்கெட்டோடு நாலு நாள் ப்ரிட்ஜின் உறைபெட்டியில் வைத்தெடுங்கள். வெளியில் எடுத்த பிறகு வேர்வை அடங்கியபின் டின்னுக்கு மாற்றுங்கள். ரவையை வெறும் சட்டியில் லேசாக வறுத்து ஆறவைத்து வைப்பதும் நல்லதுதான். துவரம் பருப்பில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வெயிலில் காயவைக்கும் பழக்கம் உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் கேளுங்கள், இந்த வேலைக்கு என்னைவிட அவர் நல்ல ஆலோசகர். ஒவ்வொரு டின்னிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, வாங்கிய மாதத்தை எழுதுங்கள். கண்ணுக்கு நேரே உள்ள தட்டில் முதலில் தீர்க்க வேண்டியவை இருக்கட்டும். எட்டாத மேல்தட்டில் எதை வைத்தாலும் அதை மறந்துவிடுவோம். அங்கே சாமான் வேண்டாம், பண்டிகைப் பாத்திரங்களை வையுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அலமாரி முழுவதையும் தரையில் இறக்குங்கள். ஒருவர் சொல்ல ஒருவர் நோட்டில் எழுதட்டும்: சாமான், அளவு, எத்தனை நாளுக்கு வரும். எழுதி முடித்த பிறகு ஒரு மாதம் மளிகை வாங்காதீர்கள். காய்கறி, மீன், கோழி, முட்டை, பால், ரொட்டி மட்டும் வாங்குங்கள். மற்றதெல்லாம் அலமாரியிலிருந்து வரட்டும். ரசீதுகளை வைத்து நான் போட்ட கணக்கில் 850 வெள்ளிக்குள் அந்த மாதம் ஓடிவிடும். மிச்சப்படும் 600 வெள்ளி அன்றே கார்டுக்குப் போக வேண்டும். அந்த மாதம் பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். மீன் டின் குழம்பும் பயறு சுண்டலும் அடிக்கடி வரும். ஒரு மாதம்தானே.

அடுத்த மாதத்திலிருந்து சாமானுக்கு 1,200. அதில் 400 மாத மளிகைக்கு, மீதி வாரம் 200 வீதம் ஈரச்சந்தைக்கு. மளிகைக் காசை இ-வாலட்டில் தனியாகப் போட்டுவிடுங்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். மலிவு விற்பனையைப் பார்த்தால் நோட்டைத் திறந்து பாருங்கள். அந்தச் சாமான் இரண்டு மாதத்துக்கு இருக்கிறதென்று எழுதியிருந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

விலைக் கட்டுப்பாடு உள்ள சாமானைக் குவிப்பதில் பயனே இல்லை. ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2 வெள்ளி 50 காசு, வெள்ளைச் சீனி 2 வெள்ளி 85 காசு. இரண்டும் அரசாங்கம் வைத்த விலை. மலிவு விற்பனைக்காகக் காத்திருந்து வாங்க வேண்டியதில்லை, ஏறிவிடுமே என்று பதறவும் வேண்டியதில்லை. முட்டை கதை வேறு: 2025 ஆகஸ்ட் 1 முதல் அதற்கு விலைக் கட்டுப்பாடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. கடைக்குக் கடை மாறும். போகுமுன் உள்நாட்டு வாணிப அமைச்சின் பிரைஸ்கேட்சர் செயலியில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அரசாங்கத்தின் ரஹ்மா மலிவு விற்பனை பக்கத்தில் நடந்தால், பட்டியலில் உள்ளதை மட்டும் அங்கே வாங்குங்கள்.

அத்தியாவசியச் சாமான் வாங்க அரசாங்கம் தரும் சாரா உதவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொரு குடிமகனுக்கும் மைகாட் அடையாள அட்டையில் 100 வெள்ளி வந்ததல்லவா? உங்கள் வீட்டில் மூன்று பெரியவர்கள், 300 வெள்ளி. ரசீதில் பார்த்தால் பிஸ்கட்டும் மீயும் மூன்றுதட்டு அளவுக்கு வாங்கியிருக்கிறீர்கள், வழக்கமான சாமானுக்குத் தனியாக ரொக்கமும் போயிருக்கிறது. அப்படிப்பட்ட உதவி வரும்போதெல்லாம், எப்படியும் வாங்கப்போகிற அரிசி, எண்ணெய், முட்டையை அதில் வாங்குங்கள். அதற்கென்று எடுத்து வைத்த உங்கள் சொந்த 300 வெள்ளியை அன்று மாலையே கார்டில் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் உதவி வந்த மாதத்தில் அலமாரி பெருக்கும், கடன் அப்படியே நிற்கும்.

கடைசியாக உங்கள் பயம். அது வெறும் பயம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசி டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200 ஆனது. எல்லோரும் 10 கிலோ 26 வெள்ளி உள்ளூர் அரிசியைத் தேடிப் போனதில் கடைத்தட்டுகள் காலியாகிவிட்டன. பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த நாள் மறக்காது. ஆனால் அரிசி நாட்டை விட்டே போய்விடவில்லை; விலை கூடியது, வேண்டிய ரகம் சில வாரம் கிடைக்கவில்லை. அதைத் தாண்ட ஒரு 10 கிலோ மூட்டை கூடுதலாக இருந்தால் போதும். பாவனையில் ஒன்று, இருப்பில் ஒன்று. பாவனையில் உள்ளது தீர்ந்ததும் இருப்பைத் திறந்து, அந்த வாரமே இன்னொன்று வாங்குங்கள். ஐந்து மூட்டை வைத்தால் ஐந்தாவதை வண்டோடு பங்கு போட வேண்டியிருக்கும்.

கார்டுக் கணக்கு இப்படிப் போகும். முதல் மாதம் 600. அதன்பின் சாமானில் மிச்சமாகும் 250 வெள்ளியோடு, ப்ரீசருக்கென்று ஒதுக்கத் தயாராக இருந்தீர்களே அந்த 89-ஐயும் சேர்த்து மாதம் 339 கட்டுங்கள். புதிதாகத் தேய்க்காவிட்டால், வட்டியும் சேர்த்து ஏழாவது மாதத்தில் கடன் தீரும். வேறு கடனும் இருந்து இதில் சொல்லாமல் விட்டிருந்தால், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தில் இலவசமாக ஆலோசனை கொடுக்கிறார்கள். தயங்காமல் கணவரோடு போய்ப் பாருங்கள்.

எட்டாவது மாதத்திலிருந்து அந்த 339 வெள்ளி உங்களுக்கே மிஞ்சும். முதல் மூன்று மாதப் பணத்தை அவசரத்துக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். அதற்கப்புறமும் ப்ரீசர் வேண்டும் என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள். ரொக்கத்தில், பழையது நல்ல நிலையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று சேர்ந்தே பார்ப்போம்.