இரண்டு 1ஜி போர்ட்டைச் சேர்த்து எல்ஏசிபி போட்டும் 940 மெகாபிட்டைத் தாண்டவில்லை, எங்கே தவறு? இதை எப்படிக் கண்காணிப்பது?

கேள்வியில் சொல்லியிருக்கும் அமைப்பு இதுதான்: ஒரு சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 ஸ்விட்ச், அதன் 23, 24ஆம் போர்ட்டுகளில் ஒரு லினக்ஸ் ஃபைல் சர்வர். பல கேபிளை ஒரே கட்டாகச் சேர்க்க இரு முனைகளும் பேசிக்கொள்ளும் முறைதான் எல்ஏசிபி; அந்தக் கட்டுக்கு ஸ்விட்சில் போர்ட்-சேனல், லினக்ஸில் பாண்டிங் என்று பெயர். ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்தால் வேகம் 940 மெகாபிட்டிலேயே நிற்கிறது. நடுவில் ஒரு கேபிள் பல நாள் கழன்று கிடந்ததும் யாருக்கும் தெரியவில்லை. இதில் முதலாவது தவறே இல்லை. இரண்டாவதைத்தான் உடனே சரிசெய்ய வேண்டும்.

வேகத்தை முதலில் பார்த்துவிடலாம். இரண்டு 1ஜி லிங்க்கைச் சேர்த்தால் ஒரு 2ஜி லிங்க் கிடைக்காது. ஒரே உரையாடலின் பாக்கெட்டுகள் வரிசை மாறிப் போய்ச் சேரக் கூடாது என்பதற்காக, ஒரு உரையாடல் முழுவதும் ஒரே கேபிள் வழியாகவே போகும். எந்தக் கேபிள் என்பதை முகவரிகளிலிருந்து போடும் ஒரு ஹாஷ் கணக்கு முடிவு செய்கிறது. 1ஜி ஈதர்நெட்டில் ஒரு டிசிபி இணைப்புக்குக் கிடைக்கும் உச்சமே ஏறத்தாழ 940 மெகாபிட். உங்களுக்கு அது முழுசாக வந்துகொண்டிருக்கிறது. தவிர, காப்பி செய்யும் கணினியிலும் 1ஜி கார்டுதானே இருக்கிறது? ஆதாயத்தைப் பார்க்க, இரண்டு கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் ஐபெர்ஃப்3 (வேகம் அளக்கும் கருவி) ஓட்டிப் பாருங்கள். இரண்டும் தலைக்கு 470 வாங்கினால் இரண்டும் ஒரே கேபிளில் விழுந்திருக்கின்றன என்று பொருள்.

அப்படி விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஹாஷ் அமைப்புதான். லிங்க்கைத் தேர்ந்தெடுப்பது எப்போதும் அனுப்புகிற பக்கம். சர்வருக்குள் போகும் டிராஃபிக்கை ஸ்விட்ச் பிரிக்கிறது, சர்வரிலிருந்து வெளியே வருவதைச் சர்வர் பிரிக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்தாக வேண்டும்.

2960இல் எதையும் மாற்றாவிட்டால் அனுப்புநரின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி) மட்டும் வைத்தே கணக்குப் போடும். எல்லாக் கணினிகளும் சர்வர் இருக்கும் விலானிலேயே (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) இருந்தால் அது போதும். வேறு விலானிலிருந்து ரவுட்டர் வழியாக வந்தால் எல்லாப் பாக்கெட்டிலும் ரவுட்டரின் மேக்தான் இருக்கும். மொத்த டிராஃபிக்கும் ஒரே கேபிளில் அடைந்துகொள்ளும், இன்னொன்று சும்மா கிடக்கும். மாற்ற வேண்டிய கட்டளை, கான்ஃபிக் மோடில்:

போர்ட்-சேனல் லோட்-பேலன்ஸ் எஸ்ஆர்சி-டிஎஸ்டி-ஐபி

இது ஸ்விட்ச் முழுவதற்குமான அமைப்பு. ஒரு போர்ட்-சேனலுக்கு மட்டும் தனியாக வைக்க முடியாது. டிசிபி போர்ட் எண்ணையும் சேர்த்துக் கணக்கிடும் வசதி 2960, 3750 வகைகளில் இல்லை. ஆகவே ஒரே கணினியிலிருந்து எட்டு ஸ்ட்ரீம் அனுப்பினாலும் ஸ்விட்ச் அவற்றைப் பிரிக்காது. சர்வர் பக்கம் லினக்ஸ் பாண்டிங்கிலும் இதே கதைதான். இயல்பு நிலை லேயர்2, அதாவது மேக் முகவரியை வைத்துக் கணக்கிடுவது. கேட்வே வழியாகப் போகும் எல்லாமே ஒரே கேபிளில் போகும். அதை லேயர்3+4 (ஐபியும் போர்ட் எண்ணும்) என்று மாற்றுங்கள். துண்டுபட்ட பாக்கெட்டுகள் இருந்தால் இந்த முறையில் வரிசை கலைய வாய்ப்பு உண்டு என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. சாதாரண ஃபைல் சர்வரில் அதனால் தொல்லை வராது.

ஒரே கணினிக்கு ஒரே ஃபைல் 2ஜி வேகத்தில் வேண்டும் என்றால் இது அதற்கான வழியே அல்ல. விண்டோஸ் ஷேர் என்றால் எஸ்எம்பி மல்டிசேனல், ஐஸ்கஸி (நெட்வொர்க் வழி டிஸ்க்) என்றால் எம்பிஐஓ; இரண்டும் ஒரே வேலையைப் பல இணைப்புகளில் பிரித்து அனுப்பும். இல்லையென்றால் ஒரு 10ஜி கார்டு வாங்கிப் போடுவதுதான் நேர்வழி.

இனி அமைக்கும் முறை. வரிசை முக்கியம், ஏனென்றால் இரண்டு கேபிளும் செருகியிருக்கையில் ஒரு பக்கம் மட்டும் கட்டி மறுபக்கம் கட்டாமல் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் லூப் (பாக்கெட்டுகள் முடிவில்லாமல் சுற்றுவது) வரும். இரண்டு போர்ட்டையும் ஷட் செய்துவிட்டு, டிஃபால்ட் இன்டர்ஃபேஸ் கட்டளையால் பழைய கான்ஃபிக்கைத் துடைத்துவிடுங்கள். அது ஷட்டையும் சேர்த்துத் துடைத்துவிடக்கூடும், ஆகவே மறுபடி ஷட் கொடுங்கள். பிறகு:

இன்டர்ஃபேஸ் ரேஞ்ச் கிகாபிட்ஈதர்நெட் 0/23 - 24
சேனல்-குரூப் 1 மோட் ஆக்டிவ்

இதற்கு மேல் வரும் ட்ரங்க் (பல விலானைச் சுமக்கும் லிங்க்), விலான் எல்லாவற்றையும் இன்டர்ஃபேஸ் போர்ட்-சேனல் 1க்குள் போய்க் கொடுங்கள். அது தானாக இரண்டு போர்ட்டுக்கும் இறங்கும். பின்னால் ஒருவர் வந்து 23ஆம் போர்ட்டில் மட்டும் விலானைத் திருத்தினால் இரண்டு போர்ட்டின் கான்ஃபிக்கும் பொருந்தாமல் அந்தப் போர்ட் சஸ்பெண்ட் ஆகும். அதிலும் 'ஆட்' என்ற சொல்லை விட்டுவிட்டு அலவ்ட் விலான் 30 என்று அடித்தால் பழைய பட்டியல் முழுவதும் போய் 30 மட்டுமே மிஞ்சும். சிஸ்கோ ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த பள்ளம்தான், இருந்தும் வாரம் ஒருவர் விழுகிறார்.

சர்வரில் பாண்டிங் மோட் 802.3ஏடி, மியிமான் 100 (100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை லிங்க்கைச் சோதிப்பது), எல்ஏசிபி ரேட் ஃபாஸ்ட், ஹாஷ் லேயர்3+4. ஐபி முகவரி பாண்ட்0க்கு மட்டும்; உள்ளே இருக்கும் கார்டுகளுக்கு எதுவும் இருக்கக் கூடாது. பிறகு ஸ்விட்சில் நோ ஷட் கொடுங்கள்.

தொலைவிலிருந்து, அதுவும் நீங்கள் நுழைந்திருக்கும் அப்லிங்க்கிலேயே இந்த வேலையைச் செய்வதாக இருந்தால், முதலில் ரீலோட் இன் 10 அடித்துவிடுங்கள். கான்ஃபிக்கை சேவ் செய்யாமல் மாற்றுங்கள். உள்ளே வர முடியாமல் போனால் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் பழைய நிலைக்குத் திரும்பும். எல்லாம் சரியென்றால் ரீலோட் கேன்சல் கொடுத்துவிட்டு சேவ் செய்யலாம். கழற்றும்போதும் கவனம்: போர்ட்டுகளை வெளியே எடுக்காமல் நோ இன்டர்ஃபேஸ் போர்ட்-சேனல் 1 என்று அடித்தால், லூப் வராமல் இருக்க ஐஓஎஸ் அந்தப் போர்ட்டுகளை ஷட் செய்துவிடும்.

மோட் ஆக்டிவ் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இரு பக்கமும் பேசிவ் என்றால் யாரும் முதலில் பேச மாட்டார்கள், கட்டு உருவாகாது. மோட் ஆன் அதைவிட மோசம். அதில் பேச்சுவார்த்தையே கிடையாது, விளக்கு எரிந்தால் போதும், டிராஃபிக்கை அனுப்பும். நடுவில் மீடியா கன்வர்ட்டர் இருந்து அதற்கு அப்பால் ஃபைபர் அறுந்தால் இந்தப் பக்கம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பாதி டிராஃபிக் காணாமல் போகும். எல்ஏசிபி இருந்தால் மறுமுனையின் செய்தி நின்றதைப் பார்த்து அந்த லிங்க்கை விலக்கிவிடும்: ஃபாஸ்ட் என்றால் நொடிக்கு ஒரு செய்தி, 3 நொடியில் விலக்கும், ஸ்லோ என்றால் 30 நொடிக்கு ஒன்று, 90 நொடி ஆகும். மோட் ஆன் தவிர்க்க முடியாத இடமும் உண்டு. விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ-இன் ஸ்டாண்டர்டு விஸ்விட்சுக்கு (மெய்நிகர் ஸ்விட்ச்) எல்ஏசிபி தெரியாது. அங்கே மோட் ஆன், மறுபக்கம் ஐபி ஹாஷ்.

கட்டு சரியாக விழுந்ததா என்பதை ஷோ ஈதர்சேனல் சம்மரி காட்டும். போர்ட்-சேனலுக்குப் பக்கத்தில் எஸ்யூ, ஒவ்வொரு போர்ட்டுக்கும் பக்கத்தில் பெரிய பி இருக்க வேண்டும். சின்ன எஸ் என்றால் சஸ்பெண்ட். பெரிய ஐ என்றால் தனியாக ஓடுகிறது, மறுபக்கம் எல்ஏசிபி பேசவில்லை. டி என்றால் கேபிளைப் பாருங்கள். சர்வரில் /ப்ராக்/நெட்/பாண்டிங்/பாண்ட்0 ஃபைலைத் திறந்தால் மூன்று இடம் போதும். பார்ட்னர் மேக் எல்லாம் பூஜ்ஜியமாக இருந்தால் ஸ்விட்சில் எல்ஏசிபி இல்லை. இரண்டு கார்டுக்கும் அக்ரிகேட்டர் ஐடி வேறு வேறு என்றால் கேபிள்கள் ஒரே கட்டில் இல்லை. ஸ்டாக் செய்யாத இரண்டு ஸ்விட்சில் ஒவ்வொன்றைச் செருகியிருப்பார்கள். போர்ட் ஸ்டேட் எண் 61 அல்லது 63 என்றால் நலம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஸ்லோ, ஃபாஸ்ட் மட்டுமே. 64க்கு மேல் போனால் எதிர்முனையின் செய்தி வரவில்லை அல்லது காலாவதியாகிவிட்டது.

இப்போது கழன்று கிடந்த கேபிள். போர்ட்-சேனலின் வேலையே ஒரு கேபிள் போனதை மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைப்பது. உங்கள் கண்காணிப்பு போர்ட்-சேனல் 1 அப்பா டவுனா என்று மட்டும் பார்த்தால், அது கடைசிக் கேபிள் போகும் வரை அப் என்றே சொல்லும். ஜாபிக்ஸ், லிப்ரஎன்எம்எஸ் எதுவானாலும் அலர்ட்டை ஒவ்வொரு உறுப்பு போர்ட்டின் ஐஎஃப்ஆப்பர்ஸ்டேட்டஸ் (அப்பா டவுனா என்ற நிலை) மீது வையுங்கள். கூடவே போர்ட்-சேனலின் ஐஎஃப்ஹைஸ்பீடு (மெகாபிட்டில் வேகம்) 2000இலிருந்து 1000க்கு இறங்கினால் ஒரு அலர்ட். போர்ட் அப்பாகவே இருந்து கட்டிலிருந்து மட்டும் விலகினாலும் இது பிடித்துவிடும். சிஸ்லாக் (ஸ்விட்ச் அனுப்பும் பதிவுச் செய்திகள்) சேகரிப்பவர்கள் ஈசி-5-அன்பண்டில் என்ற செய்தியை வடிகட்டினாலும் சரி.

டிராஃபிக் அளவையும் உறுப்பு வாரியாகவே வரையுங்கள். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழாது, விழ வேண்டியதும் இல்லை. ஒன்று 900இலும் மற்றொன்று 20இலும் நாள் முழுக்கக் கிடந்தால் ஹாஷை மறுபடி பாருங்கள். 64 பிட் கவுன்ட்டரான ஐஎஃப்எச்சி வகையைத்தான் எடுக்க வேண்டும். 32 பிட் கவுன்ட்டர் முழு 1ஜி ஓட்டத்தில் 34 நொடிக்கு ஒருமுறை சுற்றிவிடும், ஒரு நிமிட இடைவெளியில் எடுத்தால் கிராஃப் பொய் சொல்லும்.

கடைசியாக, கண்டுபிடிக்கவே கஷ்டமான கோளாறு: செத்துப் போகாமல் நோயில் கிடக்கும் கேபிள். லிங்க் அப், எல்ஏசிபி சரி, ஆனால் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே இருக்கும். எல்ஏசிபி செய்தி சிறியது, நொடிக்கு ஒன்றுதான், மூன்றில் ஒன்று போய்ச் சேர்ந்தாலும் கட்டு நிற்கும். ஹாஷ் ஒரே ஜோடியை எப்போதும் ஒரே கேபிளில் போடுவதால், புகார் வினோதமாக வரும்: ஒருவருக்கு ஷேர் தவழும், பக்கத்து மேசைக்காரருக்குப் பறக்கும். சிலர் விஷயத்தில் கணினியையே ஃபார்மட் செய்துவிட்டு அதற்குப் பிறகுதான் ஸ்விட்ச் பக்கம் வருவார்கள். புகார் சொன்னவரின் ஐபியையும் சர்வர் ஐபியையும் கொடுத்து இதை அடியுங்கள்:

டெஸ்ட் ஈதர்சேனல் லோட்-பேலன்ஸ் இன்டர்ஃபேஸ் போர்ட்-சேனல் 1 ஐபி 10.1.30.15 10.1.20.5

எந்தப் போர்ட் வழியாகப் போகும் என்று அதுவே சொல்லிவிடும். அந்தப் போர்ட்டில் ஷோ இன்டர்ஃபேஸ் பாருங்கள். ஸ்விட்சிலிருந்து போகும் திசையை மட்டுமே இது காட்டும், போகும் பாக்கெட்டின் சிஆர்சியோ மறுமுனையில்தான் ஏறும். ஆகவே சர்வரில் அதே கேபிள் மாட்டிய கார்டின் எத்டூல் மைனஸ் எஸ் (பெரிய எஸ்) எண்களையும் பாருங்கள். பிழை ஏறினால் போர்ட்டை ஷட் செய்துவிட்டு, டிராஃபிக் மற்றொன்றில் ஓடும்போதே கேபிளை மாற்றுங்கள். மாற்றிய பிறகு கவுன்ட்டரை க்ளியர் செய்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ஒன்றுகூட ஏறக் கூடாது.