பேஸ்மேக்கர் வைத்தவர் ட்ரோன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது. இதயம் பலவீனம், பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஏற்காட்டில் தம்பியின் காபித் தோட்டத்தில் உட்கார்ந்தபடி ட்ரோன் விட ஆசை. சேலத்தில் ஒரு கடையில், “இம்போர்ட்டட் பீஸ், 55,000 ரூபாய், பில் கிடையாது” என்கிறார்கள். வாங்கலாமா? வீட்டில், “இந்த உடம்போடு இதெல்லாம் தேவையா?” என்கிறார்கள்.
- வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: தாராளமாக ட்ரோன் விடுங்கள் ஐயா. மேடு ஏற முடியாதவர் மலைச்சரிவை மேலிருந்து பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கடைச் சரக்கு வேண்டாம். வெளிநாட்டில் முழுதாகச் செய்த ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியிலிருந்து தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்கு மட்டுமே விலக்கு. பில் தராமல் விற்பது அதனால்தான். நாளைக்குப் பழுதானால் வாரண்டி கேட்டு நிற்க உங்களுக்கு இடமே இருக்காது.

இந்தியத் தயாரிப்பில், பேட்டரியோடு சேர்த்து 250 கிராமுக்குள் இருப்பதாகப் பாருங்கள். அது ‘நானோ’ வகை, விமானி சான்றிதழ் வேண்டியதில்லை. ஜிபிஎஸ்ஸும், கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பும் வசதியும் கட்டாயம் இருக்க வேண்டும். விழுந்ததைத் தேடிச் சரிவில் இறங்க உங்களால் ஆகாது. பெட்டியில் போட்டிருப்பதை நம்பாமல், கடைக்காரரை வெட்டவெளியில் பறக்கவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ரிமோட்டின் குச்சிகளிலிருந்து கையை எடுத்ததும் அது அதே இடத்தில் நிற்க வேண்டும். காற்றோடு நகர்ந்து போனால் அது விளையாட்டுப் பொருள்தான். காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் 30 மீட்டர்கூட வளரும். ட்ரோன் தானே திரும்பி வரும் உயரத்தை அதற்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு விஷயத்தில் ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். ரிமோட்டைக் கழுத்துப் பட்டையில் மாட்டினால் அது நெஞ்சருகே பேஸ்மேக்கர் பக்கம்தான் தொங்கும். செல்போனைப் போலவே ரிமோட்டையும் பேஸ்மேக்கரிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே வைக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்து இயக்குங்கள். மோட்டார்களுக்குள் காந்தம் இருப்பதால் ட்ரோனை மார்போடு அணைத்துத் தூக்கவும் வேண்டாம். வாங்கும் முன் பேஸ்மேக்கர் அட்டையோடு உங்கள் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மலையேறுவதற்கும் சேர்த்தே கேளுங்கள், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். பறக்கவிடும்போது தம்பி கூடவே இருக்கட்டும்.

சேலத்தின் கமலாபுரம் விமான நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிடக் கூடாது, 12 கிலோமீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. ஏற்காடு ஊர் இந்த வட்டத்துக்கு வெளியே இருந்தாலும், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணைய வரைபடத்தில் தோட்டத்தின் இடத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தோட்டத்தை ஒட்டிக் காப்புக்காடு இருந்தால் வனத்துறை அனுமதியில்லாமல் அதன் மேல் போகாதீர்கள். பனி இறங்கினால் உடனே இறக்கிவிடுங்கள்.

பில்லில் மாடலும் வரிசை எண்ணும் இருக்கட்டும். பில்லோடு வாங்கியது சொன்னபடி இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லலாம். அதற்கும் மசியவில்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுகளுக்குள் போகலாம், வக்கீல்கூட வேண்டியதில்லை.