ஊஞ்சல் பலகையில் கிட்டார் செய்யலாமா?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் தாத்தா காலத்திலிருந்து தொங்கிய ஊஞ்சலின் பலகை ஈட்டி மரத்தாலானது. நீளம் 5 அடி, அகலம் 2 அடி, கனம் 2 அங்குலம். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போவதால் ஊஞ்சலுக்கு இனி இடமில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகனுக்கு இந்தப் பலகையிலேயே ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் செய்து கொடுக்க ஆசைப்படுகிறேன். நாங்கள் அணுகிய கிட்டார் கைவினைஞர், "மரம் உங்களுடையது என்றால் நான் எதற்கும் பொறுப்பேற்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது நியாயமா? இந்த மரத்தில் நாதம் சிறக்குமா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. தாமே தேடி வாங்கி, உலர்த்தி, பட்டறையில் அடுக்கி வைத்திருக்கும் மரத்தின் குணம் அவருக்கு அத்துப்படி. உங்கள் பலகைக்குள் என்ன இருக்கிறது என்பது அதை அறுக்கும்வரை அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆகவே மரத்துக்குள்ளிருந்து வெளிப்படும் வெடிப்பு, ஆணி, செல்லரிப்பு ஆகியவற்றுக்கு நீங்கள் பொறுப்பேற்பதே முறை. ஆனால் "எதற்கும்" என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. அளவு தவறினாலோ, ஒட்டு விட்டுப்போனாலோ, கழுத்து சாய்ந்து பொருந்தினாலோ அது செய்பவரின் பிழைதான். மரம் யாருடையது என்பதால் அது மாறிவிடாது. இந்த இரண்டையும் பிரித்து, வேலை தொடங்குவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். பாதி வேலையில் மரம் கைவிட்டுவிட்டால் அதுவரையிலான கூலி எவ்வளவு, மிச்சத் துண்டுகள் யாருக்கு என்பவையும் அந்தத் தாளில் இருக்கட்டும். மரத்தை நீங்கள் கொடுப்பதால் செலவு பெரிதாகக் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு கிட்டாரின் விலையில் பெரும்பகுதி கூலியும் உலோகப் பாகங்களும்தான்; பழைய மரத்தைச் சுத்தம் செய்யும் வேலை கூலியைக் கூட்டவும் செய்யும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார் தங்கள் பூர்வீக வீட்டின் தேக்கு நிலைச்சட்டத்தை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். காந்தத்தை மேலாகத் தடவிப் பார்த்துவிட்டு நானும் ஒப்புக்கொண்டேன். பழைய வர்ணத்துக்கும் மெழுகுக்கும் அடியில் தலை முறிந்த ஓர் ஆணி அரை அங்குல ஆழத்தில் புதைந்திருந்தது. இழைப்பு இயந்திரத்தின் மூன்று கத்திகளும் ஒரே இழைப்பில் பல்லிளித்தன. ஆணியைப் பிடுங்கிய பிறகு பார்த்தால், அதைச் சுற்றி நீலமும் கருப்புமாக ஒரு கறை, ஓர் அங்குலத் தொலைவுக்கு மரத்துக்குள் ஓடியிருந்தது. இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் ஈரத்தில் சேர்ந்தால் வரும் கறை அது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கத்திச் செலவு யாருடையது என்று முன்கூட்டிப் பேசியிருக்கவில்லை. பணத்தைவிட, இரு தரப்பிலும் ஏற்பட்ட மனச்சங்கடம்தான் இன்றும் நினைவில் நிற்கிறது. உங்கள் பலகையில் சங்கிலி கோக்கும் நான்கு துளைகள் இருக்கும். அவற்றைச் சுற்றி நாலு அங்குலத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். மீதிப் பரப்பை உலோகம் காட்டும் கருவியால் அங்குலம் அங்குலமாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது எடை. நன்கு காய்ந்த ஈட்டி மரம் கன மீட்டருக்கு ஏறத்தாழ 830 கிலோ இருக்கும். உங்கள் பலகையே 40 கிலோவை நெருங்கும். எலெக்ட்ரிக் கிட்டார்களுக்கு வழக்கமான, இலேசான ஆல்டர் மரத்தில் 2 கிலோ அளவில் அமையும் கிட்டார் உடல், முழு ஈட்டியில் செய்தால் மூன்றரை கிலோவாகிவிடும். கழுத்து, தந்தியின் அசைவை மின்னோட்டமாக்கும் பிக்கப், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 5 கிலோவைத் தொடும். இரண்டு மணி நேரம் தோளில் மாட்டி நிற்கும் பிள்ளைக்கு அது தண்டனை. ஃபெண்டர் என்ற அமெரிக்க கிட்டார் நிறுவனம் 1968இல் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்காக முழுக்க ஈட்டி மரத்தில் டெலிகாஸ்டர் வகை எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைச் செய்து கொடுத்தது. 1969 ஜனவரி 30 அன்று லண்டனில் மொட்டை மாடியில் பீட்டில்ஸ் வாசித்தபோது அவர் கையில் இருந்தது அதுதான். பார்க்க அத்தனை அழகான அந்தக் கிட்டாருக்கு, கனம் என்ற பெயரும் சேர்ந்தே வந்தது.

ஆகவே என் யோசனை இது. உடலுக்குப் பலா மரத்தைக் கொள்ளுங்கள். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த மரம் அது. எடையும் ஈட்டியைவிடக் குறைவு. அதன் மேல் ஊஞ்சல் பலகையிலிருந்து 6 மில்லிமீட்டர் கனத்தில் அறுத்த மேற்பலகையை ஒட்டலாம். கழுத்தின் மேல் விரல் அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டு கட்டாயம் உங்கள் பலகையிலிருந்தே வரட்டும். ஈட்டி மரத்துக்கு கிட்டாரில் இயல்பான இடமும் அதுதான். விரல்கள் நாள்தோறும் படும் இடமும் அதுவே. அதற்கு 52 சென்டிமீட்டர் நீளமும் 7 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டு போதும். பலகையின் அறுத்த முகப்பை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால் வளையக் கோடுகள் தெளிவாகத் தெரியும். அந்தக் கோடுகள் நிமிர்ந்து நிற்கும் பகுதியிலிருந்து துண்டை எடுக்கச் சொல்லுங்கள். படுத்த கோடுள்ள துண்டு அதைவிட அதிகமாகச் சுருங்கி விரியும்.

பலகை பல பத்தாண்டு பழையது என்பதால் உலர்ந்தே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சென்னைக் காற்றில் இருக்கும் மரம், காற்றின் ஈரத்துக்கு ஏற்ப 12 முதல் 15 சதவீத ஈரத்தைத் தன்னிடம் வைத்திருக்கும். வெளிநாட்டு கிட்டார் தொழிற்சாலைகள் 6 முதல் 8 சதவீதம் வரை உலர்த்திய மரத்தையே எடுக்கின்றன. மகனின் அறையில் இரவெல்லாம் ஏசி ஓடினால், அங்கே மரம் மேலும் உலர்ந்து குறுக்கே சுருங்கும். நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. ஃப்ரெட்போர்டு சுருங்கி, அதில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனைகள் பக்கவாட்டில் துருத்திக் கையைக் கீறுவது இதனால்தான். மேலும், பழைய பலகையை அறுத்தவுடன் உள்ளே அடங்கியிருந்த இழுவிசை விடுபட்டு, துண்டுகள் வளையக்கூடும். அளவைவிடச் சற்றுப் பெரிதாக அறுத்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, மூன்று வாரமாவது காத்திருந்து, ஈரமானியில் பார்த்த பிறகே இறுதி அளவுக்கு இழைக்க வேண்டும். ஈட்டியில் இயற்கையான எண்ணெய் உண்டு. ஒட்டும் முகத்தைப் புதிதாக இழைத்து அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. அதன் தூள் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும் என்பதால், அறுக்கும் நாளில் மகனை வேடிக்கை பார்க்க அனுப்பினால் முகக்கவசத்தோடு அனுப்புங்கள்.

நாதத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரில் நாம் கேட்பது, எஃகுத் தந்தியின் அசைவை பிக்கப்பின் காந்தமும் சுருளும் மின்னோட்டமாக மாற்றித் தருவதைத்தான். பிக்கப், அது தந்தியிலிருந்து இருக்கும் உயரம், தந்தி, ஆம்ப்ளிஃபயர், எல்லாவற்றுக்கும் மேலாக வாசிப்பவரின் கை ஆகியவற்றுக்குப் பிறகுதான் உடலின் மரம். மரமே ஒலிப்பெட்டியாக இருக்கும் அக்கூஸ்டிக் கிட்டார்களில்கூட, முதுகு, பக்கப் பலகைகளின் மரத்தை மட்டும் மாற்றி, இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் 52 கலைஞர்களிடம் எந்த மரம் என்று கண்ணுக்குத் தெரியாதபடி கொடுத்து வாசிக்கச் சொன்னபோது, மலிவான மரத்துக்கும் அரிய மரத்துக்கும் அவர்கள் பெரிய வேறுபாடு காணவில்லை என்று 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆகவே அபூர்வ நாதம் வேண்டும் என்பதற்காக இந்தப் பலகையை அறுக்காதீர்கள். தாத்தா அமர்ந்த பலகை பேரன் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக அறுங்கள். குயீன் இசைக்குழுவின் பிரையன் மே 1963இல் தம் தந்தையோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய கிட்டாரின் கழுத்து, ஒரு பழைய கணப்படுப்பின் மஹோகனி மரத்திலிருந்து வந்தது. அதிலிருந்த புழுத் துளைகளைத் தீக்குச்சியால் அடைத்துத்தான் செய்தார்கள். ஆயுள் முழுக்க அதைத்தான் வாசித்து வருகிறார்.

ஒரு சட்டக் குறிப்பு. தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தை வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1994ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. உங்களுடையது பழைய வீட்டுப் பொருள். எனினும், மரம் எங்கிருந்து வந்தது என்று மரவாடியில் கேட்கக்கூடும். வீட்டை இடிப்பதற்கு முன் ஊஞ்சல் கூடத்தில் தொங்கும் நிலையிலேயே புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐயம் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகு வண்டியில் ஏற்றுங்கள்.

கேள்வி: என்னிடமுள்ள ஈட்டிப் பலகையை வெளிநாட்டுக் கைவினைஞர் ஒருவருக்கு அனுப்பி கிட்டார் செய்து வாங்கலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: வேண்டாம். ஈட்டியை மரமாகவும் அறுத்த பலகையாகவும் ஏற்றுமதி செய்ய இந்திய விதிகள் இடம் தருவதில்லை. அதோடு, 2017 ஜனவரி 2 முதல் ஈட்டி வகை மரங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கண்காணிப்பில் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து சென்ற ஃப்ரெட்போர்டு துண்டுகளை முன்னிட்டு 2011இல் கிப்ஸன் என்ற அமெரிக்க கிட்டார் நிறுவனத்திலேயே அமெரிக்க அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். மடகாஸ்கர் கருங்காலி வழக்கையும் சேர்த்து, 2012இல் அந்த நிறுவனம் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டி முடித்துக்கொண்டது. முழுதாகச் செய்து முடித்த ஈட்டி மர இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் சைட்டிஸ் விலக்கு உண்டு. எனவே இங்கேயே செய்து எடுத்துச் செல்வதுதான் வழி.

கேள்வி: எங்கள் பண்ருட்டித் தோட்டத்தில் புயலில் விழுந்த பலா மரத்தை அறுத்துச் சென்னைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். எப்போது கிட்டார் செய்யலாம்?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு. இரண்டு அங்குலப் பலகையானால் இரண்டு ஆண்டு. இன்றே இரு முனைகளிலும் மெழுகோ கெட்டியான பெயின்ட்டோ பூசுங்கள். முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறுவதால்தான் வெடிப்பு அங்கே தொடங்குகிறது. வெளிறிய ஓரப்பகுதியைச் செல் விரைவில் அரிக்கும் என்பதால் அதை நீக்கிவிட்டு, மஞ்சள் நிற வைரப்பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் நேரே படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் குச்சி வைத்து அடுக்குங்கள். மொட்டை மாடியில் மட்டும் போடாதீர்கள். சித்திரை வெயில் ஒரே வாரத்தில் அதைப் பிளந்துவிடும்.