கடைவாய்ப் பல் போன இடத்தில் எதை வைப்பது?

கேள்வி: எனக்கு வயது 56. கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. பிரிட்ஜ் போடலாம் என்கிறார் ஒரு மருத்துவர். இம்பிளாண்ட்தான் நல்லது என்கிறார் இன்னொருவர். கழற்றி மாட்டும் பல்லே போதும் என்கிறார் என் கணவர். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எதைச் செய்யட்டும் டாக்டர்?

பதில்: அந்த இடைவெளிக்கு இரண்டு பக்கமும் நிற்கிற பற்கள் எப்படி இருக்கின்றன என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் அம்மா. பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பிரிட்ஜ் போட அந்த இரண்டு பற்களையும் சுற்றிலும் ராவிச் சிறிதாக்கி, மூன்று பல்லாகச் சேர்ந்திருக்கும் கேப்பை (பல் உறையை) மேலே ஒட்டுவார்கள். ராவிய எனாமல் திரும்ப வளராது. சொத்தையே இல்லாத பற்களை இதற்காக ராவுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவை ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்தவை, பெரிதாக அடைத்தவை என்றால் எப்படியும் கேப் தேவைப்படும். அப்போது பிரிட்ஜ் நல்ல முடிவு. சில வாரங்களில் வேலையும் முடிந்துவிடும். நடுப்பல்லுக்கு அடியில் உணவு தங்கும். அதற்கென்று உள்ள சிறு பிரஷ்ஷை அந்தச் சந்தில் தினமும் விட்டு எடுக்க வேண்டும். அதைச் செய்யத் தவறினால் கேப்பின் ஓரத்தில் சொத்தை தொடங்கி, தாங்குகிற பல்லே போய்விடும்.

பக்கத்துப் பற்கள் நன்றாக இருந்தால் என் ஓட்டு இம்பிளாண்டுக்கு. டைட்டானியம் திருகைத் தாடை எலும்பில் பொருத்துவார்கள். எலும்பு அதைப் பற்றிக்கொள்ளப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் ஆகும். அப்புறம்தான் மேலே பல். 1965-லேயே ஸ்வீடனில் தொடங்கிய சிகிச்சை இது, புதிதாகச் சோதித்துப் பார்க்கும் விஷயமில்லை. இம்பிளாண்டில் சொத்தை வராது. ஆனால் சுத்தம் குறைந்தால் சுற்றியுள்ள ஈறு வீங்கி எலும்பு கரையும்.

சர்க்கரை இருப்பதாலேயே இம்பிளாண்ட் கூடாது என்பதில்லை. கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 7-க்கு அருகில் இருந்தால் பொதுவாகத் தயங்க வேண்டியதில்லை. அதிகமாக இருந்தால் புண் ஆறத் தாமதமாகும். முதலில் அதைக் குறையுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அவற்றில் சில, தாடை எலும்பு ஆறுவதைக் கெடுக்கும்.

கழற்றி மாட்டும் பல், பல பற்கள் இல்லாதவர்களுக்கு நல்ல வழி. ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. கம்பி கொக்கியில் நிற்கிற சின்னத் துண்டு, மெல்லும்போது அசையும். தெரியாமல் விழுங்கிவிட்டவர்களும் உண்டு. அறுவை சிகிச்சை வேண்டவே வேண்டாம் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

இன்னொன்று. இரண்டு வருடத்தில் மேல்பல் இந்த இடைவெளிக்குள் இறங்கியிருக்கலாம், பக்கத்துப் பல் சாய்ந்திருக்கலாம், எலும்பும் கொஞ்சம் தேய்ந்திருக்கும். இதில் எது எவ்வளவு என்று வாயைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். இம்பிளாண்ட் என்றால் ஸ்கேனும் வேண்டும். போகும்போது சமீபத்திய சர்க்கரைப் பரிசோதனை முடிவையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.