ரேடோம் ஜாயின்ட்ல தண்ணி ஒழுகுது, கிளாஸ் மேட் வச்சு மூடிடலாமா?

கேள்வி: "சார், கடலோரத்துல ஒரு சி-பேண்ட் வானிலை ரேடாருக்கு ரேடோம், அதாவது டிஷ்ஷ மூடுற ஃபைபர் கூண்டு, ஏத்துற வேலைல சூப்பர்வைசரா இருக்கேன். ஃபைபர் சாண்ட்விச் பேனல், எல்லாம் மாட்டியாச்சு. மேல் வரிசையில மட்டும் ரெண்டு மூணு இடத்துல போல்ட் ஓட்டை நேரா வரல, இழுத்துப் புடிச்சு போல்ட் போட்டுட்டோம். இப்ப மழை பேஞ்சா உள்ள தண்ணி சொட்டுது. ஜாயின்ட் மேல ரெண்டு லேயர் கிளாஸ் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) வச்சு ரெசின் தடவி ஒரேயடியா மூடிடலாமா, இல்ல பாத்ரூம் சிலிகான் போதுமா? எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டும் கொஞ்சம் குறையுது, ஜி.ஐ. (துத்தநாகம் பூசுன இரும்பு) போட்டா தப்பா?"

பதில்: மூணுமே வேண்டாம். ஏன்னு சொல்றேன், ஏன்னா காரணம் தெரியாம 'கூடாது'ன்னு மட்டும் சொன்னா சைட்ல மழை நேரத்துல அது நிக்காது.

முதல்ல கிளாஸ் மேட். படகுக்கும் தண்ணி டேங்குக்கும் அது சரியான வேலைதான், அதனாலதான் ஃபைபர் வேலை தெரிஞ்ச யாருக்கும் உடனே அந்த யோசனை வரும். ஆனா ரேடோம் ஜாயின்ட் தண்ணிய மட்டும் தடுக்கல, காத்தோட லோடையும் அதுதான் தாங்குது, ரேடார் அலையும் அது வழியாத்தான் போகுது. பேனலோட நடுப்பகுதி ரெண்டு பக்கமும் மெல்லிசான தோல், உள்ள லேசான ஃபோம், அலைக்கு அது கிட்டத்தட்ட இல்லாத மாதிரி இருக்கணும்னு கணக்குப் பண்ணி செஞ்சது. ஃபிளாஞ்ச், அதாவது போல்ட் போடுற பேனல் ஓர விளிம்பு, அப்படி இல்ல, அங்க ரெண்டு பேனலோட கெட்டியான லேமினேட்டும் ஒட்டி நிக்குது, கூடவே போல்ட். அதாவது அலை ஏற்கனவே தடுமாறுற இடமே ஜாயின்ட்தான். அதனாலதான் நல்ல ரேடோம்ல பேனலெல்லாம் ஒரே அளவுல இல்லாம கோணல்மாணலா இருக்கும், ஜாயின்ட் எல்லாம் ஒரே திசையில வரிசையா வந்தா அங்க சிதறுற அலை ஒண்ணு சேர்ந்து சைட் லோபை (டிஷ் பாக்குற திசைக்கு வெளிய பக்கவாட்டுல போற அலை) ஏத்திவிட்டுடும். செங்குத்தாவும் கிடைமட்டமாவும் ரெண்டு விதமா அலை அனுப்புற இரட்டை போலரைசேஷன் ரேடாரா இருந்தா இன்னும் மோசம், செங்குத்து ஜாயின்ட் செங்குத்து அலைய ஒரு மாதிரியும் கிடைமட்ட அலைய வேற மாதிரியும் பாதிக்கும், ரெண்டுத்துக்கும் உள்ள வித்தியாசத்த வச்சுத்தான் மழைத்துளி எவ்வளவு பெருசுன்னே கணக்குப் போடுறாங்க.

இப்ப உங்க ரெண்டு லேயர் மேட்ட கணக்குப் பண்ணிப் பாருங்க. சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் கையால போட்டா ஒரு லேயர் சுமார் 1 எம்.எம். வரும், ரெண்டு சேர்ந்து 2 எம்.எம். சி-பேண்ட்ல உங்க ரேடார் 5.6 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம்னா அலைநீளம் 53 எம்.எம். கிளாஸ் லேமினேட்டோட மின்கடத்தா மாறிலி (இது எவ்வளவு பெருசோ அலை அவ்வளவு மெதுவாகும்) 4 சொச்சம், அதுக்கு வர்க்கமூலம் 2, காத்துக்கு 1, வித்தியாசம் 1. ஆக 2-ஐ 53-ஆல வகுத்து 360-ஆல பெருக்குனா ஏறக்குறைய 13, 14 டிகிரி. அந்த இடத்துல மட்டும் அலை அவ்வளவு பின்தங்கும், அதுவும் ஜாயின்ட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு கை அகலத்துக்கு, அதுவும் டோம் முழுக்க எல்லா ஜாயின்ட்லயும். மெல்லிசா ஒரு கோடா இருந்த குறைய நீங்களே பட்டையா ஆக்கிடுறீங்க. இதெல்லாம் போக, டோம் வெயில்லயும் காத்துலயும் அசையுற பொருள், மேல விறைப்பா ஒட்டுன மேட் ஜாயின்ட் கோட்டுலயே விரிசல் விடும், அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாம உள்ள தண்ணிய சேத்து வைக்கும். தண்ணியோட மாறிலி 70-க்கு மேல, கிளாஸ விட பல மடங்கு, அப்படின்னா ஒழுகி வெளிய வந்துடுற தண்ணிய விட உள்ள மாட்டிக்கிட்ட தண்ணிதான் ரேடாருக்கு பெரிய எதிரி. நாளைக்கு ஒரு பேனல் மாத்தணும்னா அறுத்துத்தான் எடுக்கணும், அது தனி.

சரி, இனி உண்மையான பிரச்சனை. ஒழுகுறது சீலன்ட்டால (இடைவெளிய அடைக்குற பசை) இல்ல, நீங்க இழுத்துப் புடிச்சு போட்ட அந்த போல்ட்டாலதான் இருக்கும். ஃபிளாஞ்ச் வளைஞ்சு உக்காந்தா உள்பக்கம் இறுகி வெளி உதடு லேசா விரியும், அதுல எந்த சீலன்ட் போட்டாலும் ஒரு கோடை தாண்டாது. ஓட்டை ஏன் நேரா வரலன்னு பாக்கணும், பெரும்பாலும் நாலே காரணம்தான். டோம் உக்காந்திருக்குற அடி வளையம், பேஸ் ரிங், லெவல்ல கொஞ்சம் விட்டிருக்கலாம், கீழ ஒரு சில எம்.எம். மேல போகப் போக பெருசாகும். இல்ல, பாக்க ஒரே மாதிரி இருக்குற ரெண்டு பேனல் இடம் மாறியிருக்கலாம், நம்பர ஒண்ணொண்ணா டிராயிங்கோட வச்சுப் பாருங்க, இத யாரும் முதல்ல பாக்குறதே இல்ல. மூணாவது, கீழ் வரிசைய மேல் வரிசை மாட்டுறதுக்கு முன்னாடியே ஃபுல் டைட் பண்ணியிருப்பீங்க. நாலாவது வெயில், மத்தியானம் மேற்குப் பக்கம் சூடாகி கிழக்குப் பக்கம் நிழல்ல இருக்கும்போது 2 மீட்டர் பேனல் 30 டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு எம்.எம். போல நீளும், அது வரிசை முழுக்க சேர்ந்துக்கும். அதனால அளவு பாக்குறது, ஓட்டை சேக்குறது எல்லாம் விடியக்காலைல.

சரி பண்ற விதம்: மாட்டிக்கிட்ட பேனலையும் பக்கத்துல இருக்குறதையும், தேவைப்பட்டா ஒரு வரிசை கீழயும் போல்ட்ட தளர்த்துங்க, கழட்டிடாதீங்க. டிரிஃப்ட் பின் (முனை கூரான இரும்புக் கம்பி) ரெண்ட விட்டு ஓட்டைய நேருக்கு கொண்டு வாங்க, சுத்தியலால அடிச்சு ஏத்துற அளவுக்கு இறுக்கமா இருந்தா இன்னும் பக்கத்துலயும் தளர்த்தணும்னு அர்த்தம். எல்லா போல்ட்டும் விரலால திருகுற அளவுக்கு உக்காந்த பிறகு டார்க் ரெஞ்ச் (திருகுற விசைய, அதாவது டார்க்க, அளந்து இறுக்குற ஸ்பேனர்) எடுத்து, டோமச் சுத்திச் சுத்தி ரெண்டு மூணு ரவுண்டா ஏத்துங்க, ஒரு பேனல முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போகக்கூடாது. ஓட்டைய டிரில்ல பெருசாக்குற வேலை மட்டும் தயாரிப்பாளர் எழுத்துல சொல்லாம வேண்டவே வேண்டாம், அறுந்த ஃபைபர் வழியா ஈரம் ஃபோம் வரைக்கும் போயிடும். இன்னொண்ணு, ஜாயின்ட் இறுகுனாத்தான் டோமுக்கு முழு பலமே, அதனால தளர்த்துற வேலைய தயாரிப்பாளர்கிட்ட கேட்டுட்டு, காத்து இல்லாத நாளா பாத்து, தொடங்குன அன்னைக்கே முடிக்கிற மாதிரி வச்சுக்கங்க. 2017 செப்டம்பர்ல மரியா புயல் அடிச்சப்ப போர்ட்டோ ரிக்கோல கயேய் மலை மேல இருந்த அமெரிக்க வானிலை ரேடாரோட டோம் போச்சு, கூடவே உள்ள இருந்த டிஷ்ஷும் போச்சு, திரும்ப வேலை செய்ய 2018 ஜூன் ஆயிடுச்சு. வெளி ஓடு போனா உள்ள இருக்குறதும் மிஞ்சாது. மேல ஆள் இருக்குறவரை ரேடார் டிரான்ஸ்மிட்டரும் ஆன்டெனா மோட்டாரும் ஆஃப் பண்ணி பூட்டி, சாவி உங்க பாக்கெட்டுல இருக்கணும், இதுல தயவு காட்டாதீங்க.

போல்ட் பத்தி நீளமா பேச ஒண்ணுமில்ல. கடலோரத்துல 316 கிரேடு எஸ்.எஸ். மட்டும்தான், வர்றவரை காத்திருங்க. ஜி.ஐ.-க்கு பலம் வேற, டார்க் கணக்கு வேற, உப்புக்காத்துல துருப்பிடிச்சு வெள்ளை டோம்ல கோடு கோடா இறங்கும். எஸ்.எஸ். நட்டும் போல்ட்டும் ஒண்ணோட ஒண்ணு கடிச்சுக்கும், அதுக்கு ஆன்டி-சீஸ் (கடிக்காம இருக்க மரையில தடவுற பசை) தடவுறது நல்லது, ஆனா தடவுனா அதே டார்க்குல இறுக்கம் அதிகமாயிடும், ஃபைபர் நசுங்கும். மேனுவல்ல இருக்குற டார்க் காஞ்ச போல்ட்டுக்கா தடவுன போல்ட்டுக்கான்னு கேட்டுக்கங்க. அகல வாஷர விட்டுடாதீங்க.

சீலன்ட்டுக்கு வருவோம். பாத்ரூம் சிலிகான் பலதும் காயும்போது வினிகர் வாசனை அடிக்கும், அது அசிட்டிக் ஆசிட், உலோகத்த அரிக்கும். அத விட பெரிய தொல்லை, சிலிகான் பட்ட இடத்துல பின்னால பெயின்ட்டும் ஒட்டாது, வேற சீலன்ட்டும் ஒட்டாது. தயாரிப்பாளர் எந்த சீலன்ட் சொன்னாங்களோ அதே போடுங்க, பாலிசல்ஃபைடோ பாலியூரித்தேனோ நியூட்ரல் சிலிகானோ, ஏற்கனவே உள்ளதோட ஒத்துப்போறதுதான் முக்கியம். கருப்பு நிறத்துல கார்பன் கலந்ததையும் அலுமினிய பெயின்ட்டையும் கிட்ட சேக்காதீங்க, அலைய உறிஞ்சும் இல்ல திருப்பி அடிக்கும்.

கடலோரத்துல சீலன்ட் உரிஞ்சு வர்றதுக்கு ஒரு பெரிய காரணம் உப்பு. ஸ்பிரிட் போட்டு துடைச்சா எண்ணெய் போகும், உப்பு போகாது. பழசை பிளாஸ்டிக் ஸ்கிராப்பரால சுரண்டிட்டு முதல்ல நல்ல தண்ணில கழுவி காய விட்டு, அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைச்ச துணி, அது காயறதுக்குள்ள பின்னாடியே காஞ்ச துணி. பனி படிஞ்ச காலைல சீலன்ட் போடாதீங்க, பேனல் மேல கைய வச்சா ஈரம் தெரியக்கூடாது. இடைவெளி ஆழமா இருந்தா அடியில ஃபோம் கயிறு வச்சு மேல சீலன்ட் போடுங்க, ரெண்டு பக்கச் சுவத்துல மட்டும் ஒட்டணும், அடியிலயும் ஒட்டிக்கிட்டா டோம் அசையும்போது நடுவுல கிழிஞ்சிடும்.

அதுக்கெல்லாம் முன்னாடி ஒரு விஷயம், சொட்டுற இடம் ஒழுகுற இடம் இல்ல. மேல நுழைஞ்ச தண்ணி ஃபிளாஞ்ச் ஓரமாவே ஓடி ரெண்டு வரிசை தள்ளி சொட்டும். ஒருத்தர் உள்ள டார்ச்சோட நிக்க, இன்னொருத்தர் வெளிய ஹோஸ் பைப்ப புடிச்சு கீழ் வரிசையில இருந்து தொடங்கணும், ஒவ்வொரு ஜாயின்ட்டா நிதானமா நனைச்சு, அந்த வரிசை சுத்தம்னு தெரிஞ்ச பிறகுதான் மேல ஏறணும். மேல இருந்து அடிச்சா எது ஒழுகுதுன்னு கடைசி வரை தெரியாது. மழையே இல்லாத காலைலயும் உள்ள சொட்டுச்சுன்னா அது ஒழுகலே இல்ல, உள்ள இருக்குற ஈரக்காத்து குளிர்ந்து வேர்க்குறது, அதுக்கு காத்தோட்டத்தையோ டீஹியூமிடிஃபயரையோ பாக்கணும்.

ஒழுகுன ஜாயின்ட்டுக்கு ரெண்டு பக்கமும் பேனல நாணயத்தால தட்டிப் பாருங்க. மத்த இடத்துல டங்குன்னு கேக்குறது அங்க மட்டும் மந்தமா கேட்டா ஃபோம்ல தண்ணி இறங்கியிருக்கலாம், இல்ல தோல் விட்டிருக்கலாம். அந்த பேனல் நம்பரயும், உள்ள வெளிய ரெண்டு பக்க போட்டோவையும், எந்த போல்ட் இழுத்துப் போட்டதுன்னு குறிச்ச டிராயிங்கையும் சேத்து தயாரிப்பாளருக்கு இன்னைக்கே அனுப்புங்க, வடகிழக்கு மழை தொடங்குறதுக்குள்ள பதில் கையில வரணும்.