சி.எஃப்.டி.ஆர். புரதத்தில் ஆர் டொமைன் குளோரைடு கால்வாயின் மூடி மட்டும்தானா?

"ஆர் டொமைன் குளோரைடு கால்வாயை அடைத்திருக்கும் மூடி, பாஸ்பேட் ஏறினால் மூடி கழன்று கால்வாய் திறக்கும், அவ்வளவுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வை எதிர்நோக்கியிருக்கும் உயிர்வேதியியல் மாணவராக இருப்பீர்கள் என்று எண்ணி எழுதுகிறேன். சி.எஃப்.டி.ஆர். என்பது செல் சவ்வில் குளோரைடு அயனிகளைக் கடத்தும் கால்வாய்ப் புரதம், ஆர் டொமைன் அதன் ஒரு பகுதி. அந்தப் பகுதி வெறும் மூடி மட்டும் இல்லை.

நாகர்கோவிலில் நான் முதுகலை படித்தபோது வாய்மொழித் தேர்வில் இதே கேள்வி வந்தது. பாஸ்பேட் ஏறுவது அனுமதி மட்டுமே என்றும், திறப்பதற்கு ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) தனியாக வந்து பிணைய வேண்டும் என்றும் சொன்னேன். தேர்வாளர் பாதியிலேயே நிறுத்தி, "நோட்ஸில் உள்ளதைச் சொன்னால் போதும்" என்றார். சரியான விடைக்கு மதிப்பெண் குறைந்தது இன்றும் எனக்கு வருத்தம்தான். இப்போது மார்த்தாண்டத்தில் நான் பாடம் சொல்லித்தரும் பிள்ளைகளும் அதே மூடிப் படத்தை நகலெடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1480 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்தில் சவ்வைக் கடக்கும் பகுதிகள் இரண்டு, ஏடிபி பிணையும் பகுதிகள் இரண்டு. இவற்றுக்கு இடையே சுமார் 200 அமினோ அமில நீளத்தில், நிலையான மடிப்பு எதுவும் இல்லாமல் நெகிழ்ந்து கிடப்பதே ஆர் டொமைன். கால்வாய் திறக்க வேண்டுமானால் ஏடிபி பிணையும் இரு பகுதிகளும் கூப்பிய கைகளைப் போல ஒன்றுசேர வேண்டும். பாஸ்பேட் ஏறாத ஆர் டொமைன் அவற்றுக்கு நடுவே புகுந்து அந்தச் சேர்க்கையைத் தடுக்கிறது. அயனி செல்லும் துளையின் வாயில் அது அடைப்பாக இருப்பதில்லை. செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி கூடும்போது, பாஸ்பேட் ஏற்றும் நொதியான புரத கைனேஸ் ஏ செயல்பட்டு, ஆர் டொமைனில் உள்ள பல செரின் அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அவற்றில் எந்த ஒரு செரினும் தனித்து இன்றியமையாதது அன்று. ஒன்றிரண்டை நீக்கினாலும் செயல் குறையுமே தவிர முற்றாக நிற்பதில்லை. பாஸ்பேட் ஏறிய ஆர் டொமைன் விலகியதும் ஏடிபி பிணைந்து இரு பகுதிகளும் சேர, கால்வாய் திறக்கிறது. ஏடிபி நீராற்பகுப்பு அடைந்ததும், அதாவது நீருடன் வினைபுரிந்து பிளவுபட்டதும், கால்வாய் மூடுகிறது. பாஸ்பேட்டேஸ் நொதிகள் பாஸ்பேட்டை நீக்கும் வரை இந்தத் திறப்பும் மூடலும் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும்.

இதை நான் மிகவும் எளிமைப்படுத்திவிட்டதாக வல்லுநர்கள் கருதக்கூடும். ஆனால் மூடி என்ற விளக்கம் ஏன் போதாது என்பதற்குச் சோதனைச் சான்றே இருக்கிறது. 1991இல் ஆர் டொமைனின் பெரும்பகுதியை வெட்டி நீக்கிப் பார்த்தபோது, பாஸ்பேட் ஏறாமலேயே கால்வாய் திறந்தது. இதுவரை மூடிக் கருத்துக்கும் பொருந்தும். பின்னர், அவ்வாறு வெட்டப்பட்ட கால்வாயுடன் பாஸ்பேட் ஏறிய ஆர் டொமைனைத் தனித் துண்டாகச் சேர்த்தபோது அதன் செயல் மேலும் கூடியது. கழன்று விழுந்த மூடி கால்வாயைத் தூண்ட முடியாது. ஆகவே ஆர் டொமைன் பாஸ்பேட் இல்லாதபோது தடுக்கிறது, பாஸ்பேட் ஏறியபின் ஊக்குவிக்கவும் செய்கிறது.

காலராவில் நடப்பதையும் இதைக் கொண்டே விளக்கலாம். காலரா நச்சு குடல் செல்களில் சைக்ளிக் ஏஎம்பியை உயர்ந்த நிலையிலேயே வைத்திருப்பதால், ஆர் டொமைனில் பாஸ்பேட் ஏறியபடியே இருக்கிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் நீரும் அதைப் பின்தொடர்கின்றன.

விடைத்தாளில் பாஸ்பேட், ஏடிபி ஆகிய இரண்டு நிபந்தனைகளையும் தனித்தனியாக எழுதுங்கள். யாரேனும் மறுத்தால், வெட்டப்பட்ட கால்வாயில் செய்த இரண்டாவது சோதனையைச் சொல்லுங்கள்.